முதல் டிஸ்க்கைப் போடவும்

எக்ஸ்ரேம்மா தன் வாழ்நாளில் உடைத்த பொருட்கள் இரண்டே இரண்டு. ஒன்று, கல்யாணமான புதிதில் மாமியார் ஆசையாகக் கொடுத்த கண்ணாடிக் குடுவை. அது கை தவறி விழுந்தது. இன்னொன்று, மகளின் கம்ப்யூட்டர் கேம் டிஸ்க். அது கை தவறி விழவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தாள். வளைந்துகொண்டே போனதே தவிர அந்தப் பாழாய்ப்போன தட்டு உடைவேனா என்றது. கடைசியில் முழங்காலில் வைத்து அழுத்தியதும் பட்டென்று இரண்டானது. சில்லு ஒன்று தெறித்து அவள் கட்டைவிரலைக் கீறியது. இருபது வருஷம் ஆகியும் அந்தத் தழும்பு போகவில்லை.

முப்பத்தொரு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று அவள் சொல்லி மூச்சு விட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு சின்ன ஊரே தேறும். வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேம்மாதான். படம் வெளியே வந்ததும் "என்னம்மா தெரியுது, எலும்பு உடைஞ்சிருக்கா?" என்று நோயாளிகள் முகத்தையே பார்ப்பார்கள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். "படம் எடுக்கிறதுதாங்க என் வேலை. படிக்கிறது டாக்டர் வேலை" என்பாள். அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ரே குழாய் அதிகம் சூடேறினால் வீணாகிவிடும் என்று, அடுத்த ஆளைப் படுக்க வைக்குமுன் குழாயின் உறை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். மெஷினில் அதற்கென்று முள் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கைதான் நம்பிக்கை. நைட் டூட்டி முடிந்து காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மானிட்டரின் முதுகில் கையை வைப்பாள். சூடாக இருக்கும். ராத்திரி முழுக்க மகள் விளையாடியிருக்கிறாள்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. அவளுடைய அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், எக்ஸ்ரேம்மாவுக்கு நைட் டூட்டி. எட்டரைக்கு மகளைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவாள். இன்னொரு சாவி பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம். பெண் பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் பூட்டினாள். அதில் தப்பாக ஒன்றும் அவளுக்குப் படவில்லை.

டிஸ்க்கை உடைத்த அன்று ரேங்க் கார்டு வந்திருந்தது. கணக்கில் முப்பத்தெட்டு. காலையில் கையெழுத்து கேட்டு மகள் நீட்டினாள். எக்ஸ்ரேம்மா கார்டைப் பார்த்தாள், மானிட்டரைத் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான், கண் மண் தெரியவில்லை. பாதிச் சடை பின்னிய தலையோடு யூனிஃபார்மில் நின்ற மகள் அழவில்லை. அழுதிருந்தால் இவளும் சேர்ந்து அழுது தீர்த்திருப்பாள். மகள் மீதிச் சடையைப் பின்னிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். அடுத்த பரீட்சையில் எழுபத்தொன்று வாங்கினாள். பார்த்தாயா, உடைத்தது நல்லதாகப் போயிற்று என்று எக்ஸ்ரேம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மகளுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. தூரத்தில் வேலை, நல்ல புருஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். சாப்பிட்டியா, பிரஷர் மாத்திரை போட்டியா, அங்கே மழையா, சரி வச்சிடறேன். நான்கு நிமிஷம். சண்டை இருந்தால் சமாதானம் பேசலாம். இவர்களுக்குள் சண்டையே இல்லை. பேங்க் கவுன்ட்டரில் பேசுகிற மாதிரி ஒரு மரியாதை மட்டும் இருந்தது. அந்த மரியாதை எந்த நாளில் ஆரம்பித்தது என்று எக்ஸ்ரேம்மாவுக்குத் தேதியோடு தெரியும்.

இப்போது அந்த நான்கு நிமிஷத்துக்கும் வேட்டு வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாக வேறு தேசத்துக்கே குடிபோகிறார்கள். சனிக்கிழமை மகள் வருகிறாள், பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழ்களும் எடுத்துக்கொண்டு போக. ஒரு மணிக்கு வந்து நான்கு மணிக்கு இங்கிருந்தே ஏர்போர்ட். மூன்று மணி நேரம். அதற்குள் எக்ஸ்ரேம்மா ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பல் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்: "பாப்பா, அன்னைக்கு உன் டிஸ்க்கை நான் உடைச்சது தப்பு." வெறும் வாயால் அதைச் சொல்ல அவளுக்கு வராது. கையில் ஏதாவது வேண்டும். அந்த கேமைத் திரும்ப ஓட வைத்துக் காட்டிவிட்டால் வாக்கியம் தானாக வந்துவிடும் என்று நம்பினாள்.

பயணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து எட்டு மாதம் தேடி, பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் மூலம் அதே கேம், வீடும் ரோடும் வைத்து ஊர் கட்டுகிற விளையாட்டு, கிடைத்தது. அட்டைப்பெட்டி கிடையாது, கையேடு கிடையாது, ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்று டிஸ்க் மட்டும். ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஃபிலிம் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் அதிகமில்லை.

வீட்டில் இருந்த லேப்டாப்பும் மகள் தள்ளிவிட்டதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் வந்தபோது, "இதுக்கு வயசாயிடுச்சும்மா, விண்டோஸ் தாங்காது. லினக்ஸ் போட்டுத் தந்திருக்கேன், உனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் எக்ஸ்ரேம்மா செய்தி படிப்பாள், வீடியோ காலில் பேசுவாள், குறுக்கெழுத்துப் போடுவாள். வயதானதில் ஒரு லாபம், டிஸ்க் போடுகிற தட்டு அதில் இன்னும் இருந்தது.

விண்டோஸுக்காகச் செய்த கேமை லினக்ஸில் ஓட்ட வைன் என்று ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்பதுவரை அவளே இணையத்தில் படித்துக் கண்டுபிடித்து, அதைப் போட்டும் விட்டாள். வியாழக்கிழமை காலை குளித்து முடித்து, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் டிஸ்க்கை உள்ளே தள்ளினாள். டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, தாளில் எழுதி வைத்திருந்த வரிகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். நீலப் பட்டை நகர ஆரம்பித்தது. பத்து, இருபது, முப்பத்து நாலு. அங்கே நின்று, "இரண்டாம் டிஸ்க்கைப் போடவும்" என்றது.

தட்டின் பொத்தானை அமுக்கினாள். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். கர் என்று ஒரு முனகல், அதோடு சரி. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். தட்டில் ஊசித் துளை ஒன்று இருப்பதைக் கண்டதும் முப்பத்தொரு வருஷ அனுபவம் தலைதூக்கியது. எத்தனை ஃபிலிம் பெட்டிகள் இப்படிச் சிக்கியிருக்கின்றன, எத்தனையைக் குத்தி எடுத்திருக்கிறாள்! ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தித் துளைக்குள் விட்டாள். தட்டு திறந்தது. வெற்றிப் புன்னகையோடு இரண்டாம் டிஸ்க்கை வைத்து மூடினாள்.

"இரண்டாம் டிஸ்க்கைப் போடவும்" என்றது லேப்டாப்.

"போட்டுட்டேன்டா, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அதனிடமே கேட்டாள். அது மசியவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி என்றால் ஏதோ சின்னப் பையன் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தாறு வயது, வழுக்கை, இரண்டு பெண்கள். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒட்டிய பெயர் இன்னும் உதிரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "எக்ஸ்ரேம்மா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" என்றான்.

"வீட்லதான். சமையலறை வாசல்ல."

"ஐயோ, அது இல்லம்மா. அந்தக் கறுப்பு ஜன்னல்ல. எந்த ஃபோல்டருக்குள்ள போய் இன்ஸ்டாலை ஆரம்பிச்சீங்க?"

தாளைப் பார்த்துப் படித்தாள். போனுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

"அதான் விஷயம். நீங்க டிஸ்க்குக்குள்ளேயே போய் நின்னுக்கிட்டு, அங்கேருந்து வேலைய ஆரம்பிச்சிருக்கீங்க. உள்ள ஆள் நிக்கிற வரைக்கும் லினக்ஸ் அந்த டிஸ்க்கை விடவே விடாது. நீங்க கிளிப்பால குத்தி எடுத்தாலும், அதைப் பொறுத்தவரை பழைய டிஸ்க்தான் இன்னும் உள்ள இருக்கு. அதுகிட்ட முறைப்படி சொல்லாம எடுத்துட்டீங்கல்ல?"

"அப்போ கெட்டுப் போச்சா தம்பி?"

"ஒண்ணும் கெடல. எல்லாத்தையும் மூடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல இருந்து வருவோம். இந்தத் தடவ வெளிய, வீட்டு ஃபோல்டர்லயே நில்லுங்க. அங்க நின்னுக்கிட்டு டிஸ்க்ல இருக்கிறத கூப்பிடுங்க. நான் சொல்றத எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டாள். வைக்கும்போது அவன், "எதுக்கும்மா இவ்வளவு பாடு? இந்தக் காலத்துல போன்லயே நூறு கேம் இருக்கே" என்றான்.

"என் பொண்ணு வர்றா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் சொன்னபடி நின்றதும் மறுபேச்சில்லாமல் எல்லாம் நடந்தது. முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க், மூன்றாம் டிஸ்க், ஒவ்வொன்றையும் லேப்டாப் கேட்டவுடன் வெளியே விட்டது, கொடுத்ததை வாங்கிக்கொண்டது. நூறு என்று வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, ஆளில்லாத வீட்டில் இரண்டு தட்டு கை தட்டினாள். திரும்ப முதல் டிஸ்க்கைப் போட்டால்தான் கேம் திறக்கும். போட்டாள். இருபது எழுத்துச் சாவி எண் கேட்டது. கையேட்டின் பின்னட்டையில் இருக்கும் என்றது. வாங்கி வந்ததில் கையேடே இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். மகளின் பழைய சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டி அலமாரிக்கு மேலே, போர்வைகளுக்குப் பின்னால் கிடைத்தது. ஜாமெட்ரி பாக்ஸ், ஒற்றைக் காதணி, நோட்டுகள். அவற்றுக்கு அடியில் அந்தக் கையேடு. உடைந்த டிஸ்க்கையும் மற்ற இரண்டையும் அன்றே குப்பையில் போட்டிருந்தாள். புத்தகத்தை மகள் எடுத்து ஒளித்திருக்க வேண்டும்.

பின்னட்டையில் சாவி எண் இருந்தது. அத்தோடு வேலை முடிந்தது என்று போயிருக்கலாம். ஆனால் கடைசிப் பக்கங்களில், "குறிப்புகள்" என்று காலியாக விட்டிருந்த இடத்தில், மகளின் கையெழுத்து. சின்னச் சின்ன எழுத்து, பென்சில். தேதி போட்டு வரிசையாக.

அம்மா நைட். 12 வீடு. விளக்கு 6.

அம்மா நைட். மழை. கரண்ட் போய் போய் வந்தது. விளக்கு 9.

அம்மா நைட். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஊரில் இல்லை. மாடியில் யாரோ நடக்கிறார்கள். ஆறு மணி வரை விளையாடினேன்.

அம்மா நைட். பூனைதான். விளக்கு 14. ரோடு முழுக்க ஆச்சு.

எக்ஸ்ரேம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி படித்தாள். ஒவ்வொரு வரியும் அப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா வீட்டில் இருந்த இரவுகளுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த இரவுகளில் மகள் ஒன்பது மணிக்கே அவளை ஒட்டிப் படுத்து, அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். அதுவும் இவளுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. டூட்டி முடிந்து வந்த காலைகளில் மட்டுமே அவள் மானிட்டரைத் தொட்டாள். மற்ற நாட்களில் தொட்டே பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சில்லென்று இருந்திருக்கும். பிள்ளை ஆட்டப் பைத்தியம் பிடித்து விழித்திருக்கவில்லை, பயந்து விழித்திருந்தது என்று கைக்கே தெரிந்திருக்கும்.

கடைசிப் பக்கத்தில் பதினொரு வரிகள் இருந்தன. தேதிகளைப் பார்த்தாள். டிஸ்க்கை உடைத்த அன்றிரவே முதல் வரி.

அம்மா நைட். டிஸ்க் இல்லை.

அம்மா நைட். டிஸ்க் இல்லை.

பதினொன்றும் அதேதான். பன்னிரண்டாவது இல்லை. நைட் டூட்டி அதற்குப் பிறகும் எட்டு வருஷம் இருந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எக்ஸ்ரேம்மா அழுதாள். பல் தேய்க்கும்போது தயார் பண்ணிய வாக்கியம் இனி எதற்கும் உதவாது என்று தெரிந்தது.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மகள் வந்தாள். சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள். விருந்தாளி செய்கிற வேலை அது. சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பையில் வைத்தாள். இரண்டே கால். எக்ஸ்ரேம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன். லேப்டாப்ல ஒண்ணு கேட்கணும்."

"என்னாச்சு, திரும்ப அப்டேட்ல மாட்டிக்கிச்சா?" என்று வந்த மகள் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மலை, ஆறு, காலி மைதானம், ஓரத்தில் சின்னச் சின்னப் பொத்தான்கள். அந்தப் பழைய புல்லாங்குழல் இசை.

"அம்மா. இது எப்படி?"

"நானே போட்டேன். மூணு டிஸ்க்கு. வைன்ல."

"நீயா? டெர்மினல்லயா?" மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எக்ஸ்ரேம்மா கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "டிஸ்க் மாத்தும்போது சிக்கியிருக்குமே?"

"சிக்கிச்சு. உள்ள நின்னுக்கிட்டு வெளிய இழுத்தேன்."

"எல்லாரும் முதல்ல அந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்க" என்று சொல்லிக்கொண்டே மகள் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். விரல்கள் எதையும் மறக்கவில்லை. மடமடவென்று ஒரு பெரிய வெள்ளைக் கட்டடத்தை வைத்தாள். மைதானத்தின் மறுகோடியில் ஒரு குட்டி வீடு. இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு ரோடு.

"வீடுங்கள கட்டாம முதல்ல பெருசா வச்சியே, என்னது அது?"

"ஆஸ்பத்திரி. எப்பவும் முதல்ல அதான்." மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது நம்ம வீடு. இது நீ நடந்து போற ரோடு. நம்ம தெருவுல ஒரு விளக்கு கூட எரியாதேம்மா அப்போ. நீ எட்டரைக்கு இருட்டுல போவே. அதனால இங்க ஆஸ்பத்திரிலேருந்து வீடு வரைக்கும் முழுசா விளக்கு போட்டுடுவேன். பதினாலு வேணும். ஊரே காசில்லாம படுத்துடும். ஆனாலும் போட்டுடுவேன்."

ஒவ்வொரு விளக்காக நட்டாள். கேமில் சாயங்காலம் ஆனது. ஆறு நீலம் போய்க் கறுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் முதல் விளக்கு எரிந்தது, அப்புறம் இரண்டாவது. ஒன்றன் பின் ஒன்றாகப் பதினான்கும் எரிந்தன.

எக்ஸ்ரேம்மா கையேட்டை மேஜை மேல் வைத்தாள். கடைசிப் பக்கம் திறந்திருந்தது. மகள் அதைப் பார்த்தாள். கை மவுஸிலேயே இருந்தது.

"நீ பயந்துக்கிட்டுதான் முழிச்சிருந்தேன்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. ஏன் பாப்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா?" குரலில் கோபம் இல்லை. "நைட் டூட்டி வேண்டாம்னு சொல்லியிருப்பியா? சொல்லியிருக்க முடியுமா?"

முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நைட் பார்க்க மாட்டேன் என்றவர்களை ஆஸ்பத்திரி அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம்.

"அதான் சொல்லல. நீ போகும்போது என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே போவே. நான் பயந்தா நீயும் அங்க போய் பயந்துக்கிட்டு நிப்பே." மகள் கையேட்டை மூடினாள். "டிஸ்க்கை உடைச்சதுக்கு நான் அழலம்மா. விளையாட்டுதானே, போனாப் போகுது. அன்னைக்கு ராத்திரியும் நீ வழக்கம்போல பூட்டிட்டுப் போனே. ஒரு தடவை திரும்பி வந்து கதவைத் திறப்பேன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் கதவுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பழகிடுச்சு."

பழகிடுச்சு என்ற சொல்லை எக்ஸ்ரேம்மா மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் எத்தனை பேரின் நெஞ்சுக்குள் பார்த்தாள். தன் வீட்டுப் பிள்ளை ஒன்றைப் படிக்க அவளுக்கு ஒரு டாக்டரும் தேவைப்பட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் போதும்.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றாள். தயார் பண்ணிய வாக்கியத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

மகள் அம்மாவின் கையை எடுத்து, கட்டைவிரல் தழும்பைத் தன் விரலால் ஒரு தரம் தடவினாள். பிறகு கையைத் திரும்ப மேஜை மேலேயே வைத்தாள். மன்னித்துவிட்டாளா, பார்த்தாள் அவ்வளவுதானா என்று எக்ஸ்ரேம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் வெளியே டாக்சி ஹாரன் அடித்தது.

"இந்த டிஸ்க்குகளை எடுத்துட்டுப் போறியா?" என்று அவசரமாகக் கேட்டாள்.

"இப்ப எந்த லேப்டாப்லயும் டிஸ்க் போடற இடமே கிடையாதும்மா. இங்கேயே இருக்கட்டும்." கையேட்டையும் அவள் எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இறங்கப் போனவள் திரும்பினாள். "உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோ. மாத்திரையை மறந்துடாதே. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன், ஆனா அங்கேருந்து நேரம் மாறும், முன்னபின்ன ஆகும்."

"எப்ப வேணா கூப்பிடு" என்றாள் எக்ஸ்ரேம்மா.

டாக்சி முனை திரும்பும்வரை நின்றாள். தெருவில் இப்போதெல்லாம் இருட்டினால் எல்லா விளக்கும் எரியும். முனிசிபாலிட்டியில் எப்போதோ போட்டுவிட்டார்கள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் அவள் கைப்பக்கம் இருந்தது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

மேஜை மேல் கேம் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் கட்டியது அப்படியே இருந்தது, ஆஸ்பத்திரி, வீடு, ரோடு, பதினான்கு விளக்கு. அதைச் சேமித்து வைப்பது எப்படி என்று எக்ஸ்ரேம்மாவுக்குத் தெரியாது. மகளைக் கேட்டு வைத்துக்கொள்ள நினைவு வரவில்லை. மூடினால் எல்லாம் போய்விடும். மூடாமல் எதிரில் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரத்தில் கால்மணிகூட அவர்கள் உண்மையில் பேசவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினோரு இரவுகளில் ஏதாவது ஓர் இரவு, டூட்டிக்குக் கால்மணி தாமதமாகப் போயிருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்?

கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து சுவிட்சைப் போடத் தோன்றவில்லை. பழக்கத்தில் கையை நீட்டி, லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.